மகள் தூங்க மாட்டேன் என்கிறாள், இது வசதியானவர்களின் கவலையா?

கேள்வி, 3 மார்ச் 2024

அக்கா, நான் மலேசியாவில் பினாங்கு மாநிலத்து நிபோங் தெபாலில் இருக்கிறேன். மகளுக்குப் பதினேழு வயது, இந்த வருஷம் எஸ்.பி.எம்., பள்ளி இறுதிப் பரீட்சை எழுதணும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குப்பைமேடு எரிந்தபோது எங்கள் பக்கமெல்லாம் புகை. அதிலிருந்து அவள் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். வெயில், வெள்ளம், காட்டுத்தீ என்று எந்தச் செய்தி வந்தாலும் அழுகிறாள், ராத்திரி தூங்குவதில்லை. "நான் படிச்சு என்ன ஆகப் போகுது, எல்லாத்தையும் நீங்க கெடுத்து வச்சிட்டீங்க" என்கிறாள். அவள் அப்பா, "இதெல்லாம் வசதியானவங்க கவலை, நமக்கு வாடகை கட்டுறதே பெரிசு" என்று சத்தம் போடுகிறார். இரண்டு பேர் பேசுவதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. நான் என்ன சொல்ல?

4 மார்ச் 2024

முதலில் அப்பா சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்வோம். வாடகை பெரிசுதான், மறுக்க முடியாது. ஆனால் அந்தப் புகை யார் வீட்டுக்குள் வந்தது?

புலாவ் பூரோங் குப்பைமேடு 2022 ஜனவரியில் எரிந்தது. பினாங்குத் தீவின் குப்பையும் எதிர்க்கரை செபராங் பிறையின் குப்பையும் சேர்ந்து அங்கேதான் போகிறது. ஜோர்ஜ்டவுனில் கடலைப் பார்த்த அடுக்குமாடியில் இருப்பவர் கட்டிப் போட்ட பையும் அதில் உண்டு. எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றுவட்டத்துத் தோட்டத்து ஜனங்களும் கம்பம் என்கிற கிராமத்து ஜனங்களும். வீட்டைப் பூட்டிவிட்டு வேறு இடத்தில் போய்த் தங்கினார்கள், பள்ளிக்கூடங்கள் மூடின.

என் தங்கை வீடும் அந்தப் பக்கம்தான். கொடியில் காய்ந்த பிள்ளைகளின் பள்ளிச் சட்டையை எடுத்து உதறினாள், சாம்பல் தூள் பறந்தது. கையால் தட்டிய இடமெல்லாம் கறுப்பாக இழுபட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் காலர் மடிப்பில் இருந்தது போகவில்லை. கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "அக்கா, ஜன்னலைத் திறக்கவும் முடியலை, மூடவும் முடியலை" என்றாள்.

வசதியானவருக்கு இந்த நிலை வராது. ஏர்கோன் போட்டுக்கொள்வார், இல்லை கேமரன் மலைக்குக் கிளம்பிவிடுவார். அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இந்தக் கவலை முதலில் நம்முடையது. வாடகை வீட்டில் இருப்பவருக்குத்தான் இது கூடுதல்.

மகளிடம் மட்டும் "கவலைப்படாதே" என்று சொல்லாதீர்கள். அவள் இல்லாத ஒன்றைப் பார்த்துப் பயப்படவில்லை. அவள் மூச்சில் போன புகை அது.

6 மார்ச் 2024

"பிள்ளைக்கு ஏதாவது மனக்கோளாறாக இருக்குமோ" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரை உள்ள பத்தாயிரம் இளைஞர்களைக் கேட்டு ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவும் பிலிப்பைன்ஸும் அதில் இருந்தன. பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகுந்த கவலையில் இருப்பதாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். அன்றாட வாழ்க்கையே பாதிக்கப்படுகிறது என்றவர்கள் 45 சதவீதம். ஆக இந்தப் பெண் தனி ஆள் இல்லை.

அதே நேரம் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நியாயமான துக்கத்துக்கும் வைத்தியம் தேவைப்படலாம். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்க வேண்டாம்.

10 மார்ச் 2024

ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "மலாயாவில் காட்டை அழித்ததே நம்ம தாத்தாக்கள்தான், இப்ப எதுக்கு அழணும்?"

தம்பி, கத்தி பிடித்த கை நம் தாத்தாவுடையது. காடு யாருக்கு வெட்டப்பட்டது, ரப்பர் விற்ற காசு எங்கே போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கங்காணி கப்பலேற்றிக் கூட்டி வந்தவருக்கு எந்தக் காட்டை வெட்டலாம், எதை விடலாம் என்று சொல்லும் இடம் எப்போது இருந்தது?

இன்னொன்று. அந்தக் காடு அழிந்ததில் முதலில் செத்ததும் நம் ஜனம்தான். மலைப்பக்கத்து ஓடைகளில் மரநிழல் இருக்கும்வரை அங்கே மலேரியாக் கொசு அவ்வளவாகப் பெருகாது. காட்டை வெட்டி ஓடையில் வெயில் விழுந்ததும், தெளிந்த ஓடைத் தண்ணீரில் முட்டையிடும் கொசு வகை ஒன்று கூட்டமாகப் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் பக்கம் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதைத் தோட்டம் தோட்டமாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். புதிதாகத் திறந்த தோட்டங்களில் கூலிகள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். இயற்கையைக் கெடுத்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய சுடுகாடுகளில் அந்தப் பாடம் கிடக்கிறது.

17 மார்ச் 2024

போன வாரம் அந்தத் தம்பிக்கு எழுதியதை நினைத்துக்கொண்டே நேற்றுப் படுத்தேன். அம்மா ஞாபகம் வந்துவிட்டது. இதை எழுதாமல் மேலே போக முடியாது போலிருக்கிறது.

நாங்கள் பத்து காவான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு அம்மாவுக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பு, கையில் குழாய், முகத்தில் ஒரு பழைய துண்டு. கையுறை கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள். கொடுத்த காலத்திலும் அந்தப் புழுக்கத்தில் போட்டுக்கொண்டு நிரை முடிக்க முடியாது. நிரை முடியாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி இல்லை.

சாயங்காலம் அம்மா எங்களுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது அவர் நகங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். ஓரம் பிய்ந்திருக்கும். பெருவிரல் நகம் ஒரு தடவை முழுசாகக் கழன்று, புது நகம் மேடும் பள்ளமுமாக முளைத்தது. சில நாள் மூக்கில் ரத்தம் வரும், துண்டு நுனியால் துடைத்துவிட்டு "சூடு" என்பார்.

அந்த மருந்துகளில் முக்கியமானது பாராகுவாட். களைக்கொல்லி. குடித்தால் மாற்று மருந்து கிடையாது. செம்பனைத் தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பும் பினாங்கில் இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் அந்தப் பெண்களிடம் போய்ப் பேசி, நகமும் கண்ணும் தோலும் என்ன ஆயிற்று என்று பதிவு செய்தன. 2002இல் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்.

நான் சொல்ல வந்தது இதுகூட இல்லை. தோட்டத்துக்கு நடுவே ஓர் ஓடை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதில் விராலும் கெளுத்தியும் கிடைக்கும். பம்பைக் கழுவச் சொன்ன இடமும் அந்த ஓடைதான். கொஞ்ச வருஷத்தில் மீன் இல்லாமல் போயிற்று. அம்மாவுக்கு அது கடைசிவரை உறுத்தியது. "நானும்தான் அதுல கழுவுனேன்" என்பார். மருந்தை வாங்கியவர், கழுவச் சொன்னவர், லாபம் பார்த்தவர் யாருக்கும் அந்த ஓடை ஞாபகத்தில்கூட இருக்காது. பழியை அம்மா வாங்கிக்கொண்டு போனார்.

உங்கள் மகள் "நீங்க கெடுத்து வச்சிட்டீங்க" என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு அம்மாதான் நினைவுக்கு வந்தார். அவளிடம் பாட்டியின் நகங்களைப் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருந்திருப்பார்.

2 ஏப்ரல் 2024

இந்த வெயிலில் எழுத உட்காரவே முடியவில்லை. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தாண்டினால் வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கும். 37ஐத் தாண்டினால் வெப்ப அலை. வடக்கில் அடிக்கடி இந்த அறிவிப்பு வருகிறது. மலேசியாவில் பதிவான அதிகபட்ச வெப்பம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில், 40.1 டிகிரி. அதுவும் கடல் சூடாகி வெயில் கூடும் எல் நினோ வருஷம், இந்த 2024 தொடக்கமும் அப்படித்தான்.

பிள்ளைகளை மதியத்தில் திடலுக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார்கள், நல்லது. செம்பனைக் குலை தூக்குகிறவரை, குப்பை லாரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவரை, வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை யார் நிழலுக்குப் போகச் சொல்வது?

21 ஏப்ரல் 2024

முதலில் கேள்வி கேட்ட நிபோங் தெபால் தங்கை எழுதியிருக்கிறார். மகள் கொஞ்சம் பேச ஆரம்பித்துவிட்டாளாம். பாட்டி கதையைக் கேட்டுவிட்டு, தன் அப்பாவின் அம்மாவும் மருந்தடித்தவர்தானா என்று அப்பாவிடமே போய்க் கேட்டிருக்கிறாள். அவர் ரொம்ப நேரம் பேசினாராம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இப்போது அவள் கேட்பது: "நான் என்ன செய்யணும்?" பள்ளியில் நெகிழிப் பையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். செய்யலாம். பினாங்கில் 2011 முதல் கடைகளில் இலவசப் பை கிடையாது, நாம் பழகிக்கொண்டோம், பழகியது நல்லதுதான்.

ஆனால் கணக்கைப் பிள்ளைக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 8 டன் கரியமில வாயு என்கிறார்கள். இந்தியாவில் அது சுமார் 2 டன். அந்த 8 டன் என்பது சராசரி. நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து மின்சாரம் எடுக்கும் நாட்டில், இரண்டு கார், ஐந்து ஏர்கோன் உள்ள வீட்டையும், பெரிய ஆலைகளையும், மோட்டார் சைக்கிளில் பிறைக்கு வேலைக்குப் போய்வரும் உங்கள் வீட்டுக்காரரையும் ஒன்றாகப் போட்டு வகுத்த கணக்கு. உங்கள் மகள் விளக்கை அணைக்காமல் விட்டதால் துருவத்தில் பனி உருகவில்லை. ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டு படுக்கிறது என்றால், அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உலக அளவிலும் இதே சண்டைதான். புகையைக் கக்கிப் பணக்காரரான நாடுகள், வெள்ளத்தில் மூழ்கும் நாடுகளுக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை முப்பது வருஷம் இழுத்தது. 2022 நவம்பரில் எகிப்தில் நடந்த மாநாட்டில்தான் அதற்கு ஒரு நிதி அமைக்க ஒப்புக்கொண்டார்கள். மறு வருஷம் துபாயில் அதைத் தொடங்கி வைத்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தைகளில் வருஷக்கணக்காக ஏழை நாடுகளின் பக்கம் நின்று வாதாடியவர்களில் ஒருவர் பினாங்கில் இருந்து போகும் மீனாட்சி ராமன். மூன்றாம் உலக வலைப்பின்னல் அமைப்பில் இருப்பவர், சஹாபாட் ஆலாம் மலேசியாவின் தலைவர். பேராக் மாநிலத்துப் புக்கிட் மேராவில் அரிய உலோகங்களைப் பிரிக்கும் அரிமண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து வழக்காடிய ஜனங்களுக்கு வழக்கறிஞராக இருந்தவர். 1987இல் விசாரணையில்லாமல் பலரைக் கைது செய்த ஓப்பராசி லாலாங்கில் அவரையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். உங்கள் மகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

22 ஏப்ரல் 2024

ஒரு திருத்தம். கீழே ஒருவர் "புக்கிட் மேரா ஜனங்கள் வழக்கில் ஜெயித்ததால் ஆலை மூடியது" என்று எழுதியிருக்கிறார். அப்படி நேராக நடக்கவில்லை. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். மறு வருஷம் மேல்முறையீட்டில் தோற்றார்கள். ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. தீர்ப்பு எதிராக வந்த பிறகும் ஊர் ஓயவில்லை, அந்த நெருக்கடியில் கம்பெனியே விலகியது. இந்த வித்தியாசம் முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

19 மே 2024

புக்கிட் மேராவைப் பற்றி எழுதியபோது பின்னால் சொல்கிறேன் என்றேன் இல்லையா. பினாங்குத் தீவின் தெற்குக் கரை விஷயம்.

பெர்மாத்தாங் டாமார் லாவுட், சுங்கை பத்து, தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல். இந்தக் கரையில் சின்னப் படகில் போய்ப் பிடிப்பவர்கள் அதிகம். இறால், நண்டு, கெம்போங் மீன். அங்கே கடலை நிரப்பி மூன்று தீவு அமைக்க மாநில அரசு திட்டம் போட்டது, மொத்தம் 4,500 ஏக்கர். நிலத்தை விற்று மாநிலத்தின் போக்குவரத்துத் திட்டங்களுக்குப் பணம் திரட்டுவது என்று யோசனை. 2019 ஜூனில் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. மீனவர்கள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனார்கள். 2021 செப்டம்பர் 8ஆம் தேதி வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது.

அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. கொரோனாக் காலம், எல்லாரும் வீட்டில். அந்தப் பக்கத்து மலாய் மீனவர் ஒருவரின் மனைவி, பெலாச்சான் என்கிற இறால் விழுது விற்க எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, வருவார், அவர் எனக்குப் போன் செய்து ஒன்றும் பேசாமல் அழுதார். நானும் அழுதேன்.

பிறகு புதிதாக ஓர் அறிக்கை தயாரித்தார்கள். 2023 ஏப்ரலில் அதற்கு நிபந்தனைகளோடு ஒப்புதல். மே மாதம் மூன்று தீவை ஒரு தீவாகக் குறைப்பதாகப் பிரதமர் அறிவித்தார். அந்த ஒன்றே 2,300 ஏக்கர். செப்டம்பரில் மண் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெயித்துவிட்டுத் தோற்பது வேறு வகை. சும்மா தோற்றவன் "நமக்கு எப்பவும் இப்படித்தான்" என்று போய்விடலாம். சட்டம் படித்து, ஆதாரம் சேர்த்து, சாட்சி சொல்லி ஜெயித்த பிறகு அதே கடலில் மண் விழுவதைப் பார்ப்பவர் எங்கே போவார்? பெலாச்சான் அக்கா அதன் பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கேட்பதும் இல்லை.

"அப்படியானால் போராடி என்ன பிரயோசனம்" என்று கேட்பீர்கள். மூன்று தீவு ஒன்றானது. மற்ற இரண்டு தீவு வரவேண்டிய இடத்துக் கடல் இன்னும் கடலாக இருக்கிறது. இது வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கடலில் இன்றைக்கும் வலை போடுகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

20 மே 2024

நேற்றைய பதிவுக்கு வந்த கோபமான பதில்களைப் படித்தேன். "வேலை வாய்ப்பு வரும், நம் பிள்ளைகளுக்குத்தான் ஃபாக்டரி வேலை" என்கிறார் ஒருவர். பத்து காவானில் ஃபாக்டரி வந்ததில் என் அண்ணன் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. நானே பிறையில் ஒரு ஃபாக்டரியில்தான் கணக்கு எழுதுகிறேன்.

கேள்வி, யார் விலை கொடுக்கிறார்கள் என்பது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டைக் கழிவு ஜூரு ஆற்றில் இறங்கி, குவாலா ஜூருவில் கிராங் சிப்பி எடுக்கும் பிழைப்பே படுத்துவிட்டது. வேலை வந்தது ஒருவருக்கு, பிழைப்புப் போனது இன்னொருவருக்கு. அந்த மீனவர்களோடு நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ், தமிழ்நாட்டிலிருந்து சிறுவனாகப் பினாங்கு வந்தவர். வெள்ளை ஜிப்பா, சாரோங், தொப்பி. 2019இல் தொண்ணூறைத் தாண்டி இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

16 ஜூன் 2024

இன்று சேற்றில் இறங்கினோம். கேள்வி கேட்ட தங்கையும் மகளும் வந்திருந்தார்கள், முதல் தடவை நேரில் பார்த்தேன்.

செபராங் பிறைத் தெற்கில் கரையோர மீனவர் நலச் சங்கம் ஒன்று இருக்கிறது. 1997 முதல் பாக்காவ் என்கிற சதுப்புநில மரக்கன்று நட்டு வருகிறார்கள். இறால் பண்ணைக்கும் கரிக்கும் என்று கரையோரக் காட்டை வெட்டியதில் மீன் குறைந்துபோனதைப் பார்த்துத் தாங்களாகத் தொடங்கியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பினாங்கில் மட்டும் 52 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் அந்தக் காட்டின் அருமை தெரிந்தது. நாங்கள் போனது அவர்களிடம் கற்றுக்கொண்ட ஒரு சின்னக் கூட்டத்தோடு.

பாக்காவ் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகப் பச்சையாகத் தொங்கும். அதைப் பறிக்கக் கூடாது, முற்றியது தானாக விழும். விழுந்ததில் பூச்சித் துளை இல்லாததாகப் பொறுக்கி, தண்ணீர் வற்றிய நேரத்தில் கூர்ப்பக்கத்தைச் சேற்றில் மூன்றில் ஒரு பங்கு இறக்க வேண்டும். தலைகீழாக நட்டால் போச்சு. நண்டு கடிக்கும். கொட்டலசு என்கிற வெள்ளைச் சிப்பி தண்டில் ஒட்டிக்கொண்டால் பாரம் தாங்காமல் கன்று சாய்ந்துவிடும், அதைச் சுரண்டிவிட வேண்டும். பெரிய அலை அடிக்கும் இடத்தில் பாதி நிற்பதே அதிகம்.

உங்கள் மகள் முட்டிவரை இறங்கி நின்று, சுரண்டுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். புதிதாக நடுவதைவிட அது கஷ்டம், படம் எடுக்கவும் லாயக்கில்லை, யாரும் விரும்பிச் செய்வதில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு மீனவர் அவளிடம், "இந்த வரிசை நாலு தரம் செத்தது, இது அஞ்சாவது" என்றார் மலாயில். அவள் "நாலு தரம் செத்ததும் அழுதீங்களா பாக்சிக்" என்று கேட்டாள். அவர் யோசித்துவிட்டு, இரண்டாவது தரம் அழுதேன் என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம், அவரும்தான்.

திரும்பும்போது அவள் சிலுவாரெல்லாம் சேறு. காரில் தூங்கிவிட்டாளாம்.

7 ஜூலை 2024

போன பதிவுக்கு நிறையப் பேர் "பார்த்தீங்களா, மரம் நட்டால் மனசு சரியாகிவிடும்" என்று எழுதிவிட்டீர்கள். நான் அப்படி எழுதவில்லை, அப்படிப் படிக்கப்படுவதும் எனக்கு விருப்பமில்லை.

அந்த ராத்திரி தூங்கியவள் அடுத்த வாரம் மறுபடி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் அம்மா எழுதினார். எனக்கும் அதேதான். தெற்குக் கரையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் இன்னமும் வேறு வழியில் போகிறேன். வேலை செய்தால் துக்கம் போகாது. ஆனால் துக்கப்படுகிற இன்னும் நாலு பேர் பக்கத்தில் இருப்பது தெரியும். யாரிடம் போய் நியாயம் கேட்க வேண்டும் என்பதும் தெரியவரும். இந்த இரண்டும் இல்லாமல் அறைக்குள் தனியாக அழுகிற அழுகைதான் ஆளைத் தின்கிறது.

கரையைப் பாதுகாக்கும் பொறுப்பை மீனவர்கள் தலையிலும் பள்ளிப் பிள்ளைகள் தலையிலும் கட்டிவிட்டு, "நம்பிக்கையோடு இருங்கள்" என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு பக்கம் கன்று நடச் சொல்லிவிட்டு மறு பக்கம் கடலை நிரப்ப ஒப்புதல் கொடுத்தால், நடுகிற பிள்ளையின் உழைப்பை எடுத்து விளம்பரம் செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஓய்வும் வேண்டும். மகளுக்குப் பரீட்சை இருக்கிறது. அவள் வராவிட்டாலும் அந்த வரிசையைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று சொல்லுங்கள். கூட்டமாகச் செய்வதில் உள்ள லாபமே அதுதான்.

15 செப்டம்பர் 2024

வேறொரு வாசகர் கேட்டது: "இடம் போனால் போனதுதான், திரும்பத் திரும்ப நினைக்கிறதால என்ன?"

கம்போங் புவா பாலா ஞாபகம் இருக்கிறதா? குளுகோரில், தென்னையும் மாடும் ஆடுமாக நம் ஜனம் தலைமுறையாக இருந்த கிராமம். 2009இல் இடித்தார்கள். புத்ராஜெயா இருக்கும் இடத்தில் பெராங் பெசார் உட்பட நாலு தோட்டங்கள் இருந்தன. அந்த ஜனங்களை டிங்கிலில் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். இவையெல்லாம் பேசப்பட்டபோது வீடு, நிலம், நஷ்ட ஈடு என்றுதான் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் மாட்டை விற்றுவிட்டு நாலாவது மாடியில் உட்கார்ந்த பெரியவர் இழந்த புல்லும் கிணறும் மரமும் எந்த ஃபாரத்திலும் இல்லை. அவர் ஏன் பேசாமல் போனார், ஏன் குடித்தார் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

எங்கள் தோட்டமும் இன்று இல்லை. லயம் இருந்த இடத்தில் ஃபாக்டரி வேலி. கோயிலை மட்டும் தள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். திருவிழாவுக்கு வருஷா வருஷம் கூலிம், சுங்கை பட்டாணி, சிங்கப்பூர் என்று போனவர்களெல்லாம் வந்து கூடுவோம். அன்னதானம் முடிந்து வயசானவர்கள் நாற்காலியை வட்டமாகப் போட்டு, "தீம்பார் பக்கம் அந்த ரம்புத்தான் மரம்", "ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் ஓடை" என்று இடம் இடமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார். முன்பெல்லாம் எனக்கு அது அலுப்பாக இருக்கும். இப்போது போனில் பதிவு செய்கிறேன். செத்தவருக்குப் பதினாறாம் நாள் கருமாதியும் வருஷத் திதியும் வைத்திருக்கிற நமக்கு, போன இடத்துக்கும் ஒரு நாள் வைப்பது புதுசாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நாளில் பிள்ளைகளையும் வட்டத்துக்குள் உட்கார வையுங்கள். அவர்கள் கையில் ஒரு காகிதம் கொடுத்து, சொல்வதை வரைபடமாகப் போடச் சொல்லுங்கள்.

4 நவம்பர் 2024

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே நாள் ராத்திரிதான் அந்தப் புயல்மழை. 2017 நவம்பர் 4, 5. தீபாவளி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். எங்கள் தாமானில் இடுப்பளவு தண்ணீர். அதற்கு இரண்டு வாரம் முன்னால் தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள், மறு வருஷம் புக்கிட் குக்குஸில் 9 பேர். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 76 மீட்டருக்கு மேல் உள்ள மலை நிலத்தில் வீடு கட்டக் கூடாது என்பது பினாங்கின் அமைப்புத் திட்டத்திலேயே உண்டு, "சிறப்புத் திட்டம்" என்ற விலக்கும் அதிலேயே உண்டு. மலையை வெட்டிய மண் மழையில் கரைந்து வாய்க்காலை அடைத்தால், கீழே தாமானில் இருப்பவர் வீட்டில் தண்ணீர்.

இப்போதும் மேகம் கறுத்தால் என் எதிர்வீட்டுப் பாட்டி அரிசி டின்னை மேசைமேல் ஏற்றுகிறார். அதைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்குப் பொறுக்காது.

9 நவம்பர் 2024

தங்கை, ஒரு திட்டத்தை எதிர்த்து நாம் எப்படி எழுதுவது என்று மகள் கேட்டு அனுப்பிய கேள்விக்குப் பதில். பெரிய திட்டங்கள், சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் வருபவை, சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு ஆட்சேபம் எழுதலாம், மலாயில் எழுதினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை. சுற்றுச்சூழல் துறையின் இணையப் பக்கத்தில் அறிவிப்பு வரும், நாள் கணக்கு உண்டு, தாமதித்தால் எடுக்க மாட்டார்கள். தான் யார், எங்கே இருக்கிறேன், இந்தத் திட்டம் தன்னை எப்படித் தொடும் என்று முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள். குப்பைமேட்டுப் புகையை அவள் எழுதியே ஆக வேண்டும், எத்தனை நாள் பள்ளி மூடியது, யாருக்கு இருமல் வந்தது, மருந்துச்சீட்டு இருந்தால் அதன் நகல்.

பரீட்சை முடியட்டும். அப்புறம் என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், முதல் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம். அப்பாவையும் கூட்டி வாருங்கள். அவருடைய மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.